வீட்டில் இஞ்சி பீர் தயாரித்தல்: குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கான கேள்வி பதில்கள்

தக்கலைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாக இஞ்சி பீர் தயாரித்து வருகிறோம். திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் வந்தவர்கள் குடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் அவர்களுக்குச் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். அளவுகள் எல்லாம் ஒரு லிட்டருக்கானவை. வெப்பம் பற்றிச் சொல்வதெல்லாம் நம் மாவட்டத்துச் சமையலறையை, அதாவது ஏறக்குறைய 28 முதல் 32 பாகை செல்சியஸ் வரையுள்ள அறையை, மனத்தில் வைத்துச் சொல்வதாகும்.

இஞ்சி பீர் என்பது என்ன? பெயரில் பீர் இருப்பதால் அது மதுவா?

இஞ்சிச் சாறும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்த நீரை ஈஸ்ட் கொண்டு சிறிது புளிக்க வைத்து, அப்போது உண்டாகும் வாயுவைக் குப்பிக்குள்ளேயே அடைத்து நுரைக்கச் செய்யும் பானம்தான் இஞ்சி பீர். இது 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றியது. அன்று அதைச் சுட்ட மண் குப்பிகளில் அடைத்து விற்றார்கள். அதைப் புளிக்க வைக்கச் சேர்க்கும் உறைக்கட்டியை ஆராய்ந்த ஹாரி மார்ஷல் வார்டு என்ற தாவரவியலாளர், அது ஒரு ஈஸ்டும் ஒரு பாக்டீரியாவும் பிணைந்து வாழும் கூட்டுயிர் என்பதை 1892இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார்.

பழைய இங்கிலாந்து முறையில் நாட்கணக்கில் புளிக்க விட்ட பானத்தில் ஆல்கஹால் கணிசமாகவே இருந்தது. நாம் செய்யப்போவது அந்த முறை அன்று. ஒரு நாளுக்குள் புளிப்பை நிறுத்தி, நுரை வந்தவுடன் குளிரில் வைத்துக் குடித்துத் தீர்க்கும் பானம் இது. ஆனாலும் ஈஸ்ட் வேலை செய்த எந்தப் பானத்திலும் ஆல்கஹால் சிறிதேனும் இருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது என் கடமை.

பார்லி பீரையே வீட்டில் காய்ச்சிப் பார்க்கக் கூடாதா?

தமிழ்நாட்டில் கூடாது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்குள் செய்தாலும், சொந்தத் தேவைக்குச் செய்தாலும், அளவு சிறிதாக இருந்தாலும் அது குற்றமே. கிறிஸ்துமசுக்கு முன்பு சில வீடுகளில் பரணி நிறையத் திராட்சை வைன் போடுகிறார்களே என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

பீர் எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. பார்லியை நனைத்து முளைகட்டி உலர்த்தினால், நாம் கேழ்வரகை முளைகட்டும்போது நடப்பதைப் போலவே, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் தானியத்துக்குள் உண்டாகின்றன. மால்ட் எனப்படும் அந்த முளைத் தானியத்தை நொறுக்கி 65 முதல் 68 பாகை வரையுள்ள வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் மாவு சர்க்கரையாகிறது. பிறகு அந்த நீரை வடித்து, கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப் பூக்களைச் சேர்த்துக் கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட் இட்டுப் பல நாட்கள் புளிக்க விடுகிறார்கள். ஏல் வகை பீருக்கு 20 பாகையை ஒட்டிய குளிர்ச்சியும், லாகர் வகைக்கு அதைவிடக் கூடுதல் குளிர்ச்சியும் தேவை. பிரிட்டனில் 1963ஆம் ஆண்டிலிருந்து இதை வீட்டில் செய்ய உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. அங்கெல்லாம் வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள் அந்தந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துச் செய்துகொள்ளலாம். ஆனால் சவுதி அரேபியாவிலும் குவைத்திலும் இருப்பவர்கள் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். அங்கே மது தயாரித்துப் பிடிபட்டால் சிறைக்குப் போக நேரிடும்.

அப்படியானால் இஞ்சி பீரில் ஆல்கஹாலை எப்படிக் கட்டுக்குள் வைப்பது?

இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் இதுதான் முக்கியமான கேள்வி. பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது ஏறக்குறைய சரிபாதி எடை ஆல்கஹாலாகவும் மறுபாதி கரியமில வாயுவாகவும் மாறுகிறது. நுரையும் ஆல்கஹாலும் ஒரே சர்க்கரையிலிருந்து ஒரே நேரத்தில் வருவதால் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பெற முடியாது. ஒரு லிட்டரில் 8 கிராம் சர்க்கரை புளித்தால் ஆல்கஹால் 0.5 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே வரும். அதே 8 கிராமிலிருந்து 4 கிராம் கரியமில வாயு கிடைக்கும். கடையில் விற்கும் சோடாவில் லிட்டருக்கு 7 முதல் 8 கிராம் வாயு இருக்கிறது. ஆகவே கடைச் சோடாவில் பாதியளவு நுரை நம் குப்பியில் வரும்போதே நாம் 0.5 விழுக்காட்டின் விளிம்பில் நிற்கிறோம். இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் விதிகளில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானமே மதுபானமாகக் கொள்ளப்படுகிறது. நான் வைத்துக்கொண்டிருக்கும் எல்லைக்கோடு அதுவே. இது உணவுத் தர விதியில் உள்ள எல்லை மட்டுமே. மதுவிலக்குச் சட்டம் மது என்பதற்குக் கொடுக்கும் விளக்கம் இதைவிட விரிவானது. ஆல்கஹால் அடங்கிய திரவங்களைப் பொதுவாகவே அது குறிக்கிறது. எனவே சிறு ஐயமும் வேண்டாம் என்று எண்ணுபவர்கள் ஈஸ்ட்டை விட்டுவிட்டு, இஞ்சிப் பாகை மட்டும் காய்ச்சிக் கடைச் சோடாவில் கலந்து குடிக்கலாம். அதுவும் நல்ல பானமே.

மேற்சொன்ன கணக்கிலிருந்து இரண்டு நடைமுறைகள் கிடைக்கின்றன. முதலாவது, கலவையைத் திறந்த பாத்திரத்தில் புளிக்க விடவே கூடாது. வாயு காற்றோடு போய்விடும், ஆல்கஹால் மட்டும் தங்கிவிடும். பிறகு நுரை வேண்டுமென்று மீண்டும் புளிக்க வைத்தால் அளவு இரட்டிப்பாகும். புளிக்கச் செய்யும் இஞ்சி உறையை (செய்முறை கீழே) சேர்த்த உடனே குப்பியில் அடைத்துவிட்டால், உண்டாகும் வாயு முழுவதும் பானத்துக்குள் இருந்து நமக்கு அளவுகோலாகவும் பயன்படும். இரண்டாவது, கடைச் சோடாவின் நுரைக்கு ஆசைப்படக் கூடாது. அது உருளையிலிருந்து அழுத்தி ஏற்றிய வாயு. அவ்வளவு நுரை வேண்டுமென்றால் பரிமாறும்போது தம்ளரில் பாதிக்குப் பாதி சோடா ஊற்றிக்கொள்வது நல்லது. ஆல்கஹாலும் பாதியாகக் குறையும்.

என்னென்ன பொருட்கள் வேண்டும்?

புது இஞ்சி 60 கிராம், சர்க்கரை 80 கிராம், எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டர், உறை ஐந்து தேக்கரண்டி. கருவிகள் என்று பார்த்தால், எவர்சில்வர் பாத்திரம், துருவி அல்லது அம்மி, சுத்தமாகத் துவைத்துக் கொதிநீரில் போட்டெடுத்த பருத்தித் துணி, சமையலறைத் தராசு, பிளாஸ்டிக் சோடாக் குப்பிகள் ஆகியவை போதும். அலுமினியப் பாத்திரத்தைத் தவிர்க்கவும். புளிப்பு அதை அரிக்கும்.

இஞ்சியைச் சந்தையில் தேர்ந்தெடுக்கும்போது தோல் மினுங்குவதாகவும், ஒடித்தால் சட்டென்று முறிவதாகவும் பார்த்து வாங்க வேண்டும். சுருங்கிப்போன இஞ்சியில் நார்தான் மிஞ்சும். குழாய் நீரில் குளோரின் இருந்தால் அது ஈஸ்ட்டை மந்தமாக்கும். கொதிக்க வைத்து மூடாமல் ஆற்றினால் போய்விடும். கடலோர ஊர்களில் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்குமானால் உப்பைச் சேர்க்க வேண்டியதில்லை.

சீனியா, கருப்பட்டியா?

முதன்முறை வெள்ளைச் சீனியில் செய்து பாருங்கள். அளவு பிசகாது, நிறம் தெளிவாக இருக்கும், தவறு நேர்ந்தால் எங்கே நேர்ந்தது என்பதும் தெரியும். கை பழகிய பிறகு கருப்பட்டிக்கு வாருங்கள். நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு கருப்பட்டியில் இதைச் செய்யாமல் விடுவது பெரிய இழப்பு என்பது என் கருத்து. பனையின் புகைமணமும் இஞ்சியின் காரமும் சேரும்போது சுக்குக் காப்பியைக் குளிரவைத்துக் குடிப்பதுபோல் ஒரு சுவை வரும். முழுவதும் கருப்பட்டி போட்டால் இஞ்சி அமுங்கிவிடுகிறது என்பதால் நான் 40 கிராம் சீனியும் 45 கிராம் கருப்பட்டியும் சேர்க்கிறேன். கருப்பட்டியை உடைத்து நீரில் கரைத்து, கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டி, அடியில் படியும் மண்ணையும் தூசியையும் விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். அக்கானியில், அதாவது பதநீரில், சுண்ணாம்பு சேர்ப்பதால் அதன் தன்மை கருப்பட்டியிலும் சிறிது இருக்கும். அதை ஈடுகட்ட எலுமிச்சைச் சாறு இன்னும் ஒரு தேக்கரண்டி கூடுதலாகச் சேர்க்கலாம்.

அக்கானியையே நேரடியாக ஊற்றிச் செய்யலாமா?

வேண்டாம். பனையேறிகள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவதற்கே காரணம், பாளையிலிருந்து சொட்டும் இனிப்புச் சாறு காற்றிலுள்ள ஈஸ்டால் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும் என்பதுதான். சுண்ணாம்பு இருந்தால் அக்கானி. இல்லாவிட்டால் அதே சாறு கள். தமிழ்நாட்டில் கள் இறக்குவதற்கு 1987 முதல் தடை இருந்து வருகிறது. அக்கானியில் எலுமிச்சையை ஊற்றிச் சுண்ணாம்பின் வேலையை முறித்து, உறையும் சேர்த்து மூடி வைத்தால் அது எங்கே போய் முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அக்கானியை அக்கானியாகவே, இறக்கிய அன்று காலையிலேயே குடித்துவிடுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

இஞ்சி உறை என்பது என்ன? அதை எப்படித் தயாரிப்பது?

தயிருக்கு உறைமோர் எப்படியோ, இஞ்சி பீருக்கு இஞ்சி உறை அப்படி. இஞ்சியின் தோலில் இயற்கையாகவே இருக்கும் ஈஸ்டையும் லாக்டிக் பாக்டீரியாவையும் சர்க்கரை நீரில் பெருக்கி எடுப்பதே இது. ஆகவே உறைக்கு எடுக்கும் இஞ்சியின் மண்ணை மட்டும் கழுவ வேண்டும். தோலைச் சீவக் கூடாது.

அகன்ற வாயுள்ள கண்ணாடிப் பரணியைக் கொதிநீரில் அலசி, கொதித்து ஆறிய நீர் 250 மில்லி லிட்டர் ஊற்றி, தோலோடு பொடியாக நறுக்கிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டியும் சீனி ஒரு தேக்கரண்டியும் சேர்த்துக் கலக்கி, வாயை மெல்லிய துணியால் கட்டி வையுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே நேரத்தில் அதே அளவு இஞ்சியும் சீனியும் சேர்த்துக் கலக்க வேண்டும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் மாலையில் நீர் கலங்கத் தொடங்கும். மூன்றாம் நாள் பரணியைக் காதருகே வைத்தால் மெல்லிய இரைச்சல் கேட்கும். இஞ்சித் துண்டுகள் மேலே மிதக்க, அவற்றின் இடுக்கிலிருந்து ஊசிமுனை போன்ற குமிழிகள் வரிசையாக ஏறிவரும். கலக்கியவுடன் மேலே வெள்ளை நுரை பொங்கினால் உறை தயாராகிவிட்டது என்று பொருள். ஆடிச் சாரலில் அறை குளிர்ந்திருந்தால் நான்கைந்து நாட்கள் ஆகலாம். ஐந்து நாட்களாகியும் அசைவே இல்லையென்றால் இஞ்சியை மாற்றிப் பாருங்கள். முளைக்காதிருக்கவும் கெடாதிருக்கவும் பதப்படுத்திய இஞ்சியில் உறை எழும்புவதில்லை. வீட்டுத் தோட்டத்தில் பிடுங்கிய இஞ்சியில் எனக்கு ஒருமுறைகூடத் தவறியதில்லை.

சிலர் தினமும் இரண்டு மேசைக்கரண்டி சீனி போடச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் உறைக்குள்ளேயே ஆல்கஹால் கூடிவிடும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம், போதும். நான்கு நாட்களில் போட்ட 20 கிராமும் முழுமையாகப் புளித்தாலும், அந்த உறையில் ஐந்து தேக்கரண்டியை ஒரு லிட்டரில் சேர்க்கும்போது பானத்தில் ஏறுவது 0.12 விழுக்காட்டுக்கு மேல் போகாது. உறையையே குடிக்கக் கூடாது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இனி பானத்தை எப்படிச் செய்வது?

அரை லிட்டர் நீரைக் கொதிக்க வைத்துச் சர்க்கரையைக் கரையுங்கள். இஞ்சியின் பாதியைத் தட்டி அதில் போட்டு ஐந்து நிமிடம் மெல்லிய தீயில் விட்டு இறக்குங்கள். மீதிப் பாதியைத் துருவி, அடுப்பை அணைத்து ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். இதற்கொரு காரணம் உண்டு. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்னும் பொருளால் வருகிறது. சூடாக்கினால் அதில் ஒரு பகுதி காரம் குறைந்த, இனிய மணமுள்ள சிஞ்சரோனாக மாறுகிறது. உலர்த்தினால் அதைவிட உறைப்பான ஷோகாலாக மாறுகிறது. சுக்கு இஞ்சியைவிட நாக்கைச் சுடுவது அதனால்தான். காய்ச்சிய இஞ்சியின் மணமும் பச்சை இஞ்சியின் காரமும் சேர்ந்தால்தான் பானம் நிறைவாக இருக்கும்.

முழுவதும் ஆறிய பிறகு துணியில் பிழிந்து வடித்து, எலுமிச்சைச் சாறும் உப்பும் மீதி நீரும் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள். கையால் தொட்டால் சூடே தெரியக் கூடாது. 40 பாகைக்கு மேல் இருந்தால் ஈஸ்ட் நலியத் தொடங்கும். இப்போது வடிகட்டிய உறையைச் சேர்த்துக் கலக்கி, உடனே குப்பிகளில் ஊற்றுங்கள். மேலே மூன்று விரற்கடை இடம் விட்டு, குப்பியின் வயிற்றை அமுக்கி, நீர் கழுத்துவரை ஏறிக் காற்று முழுவதும் வெளியேறியதும் அப்படியே மூடியை இறுக்குங்கள். குப்பி உள்நோக்கி ஒடுங்கி நிற்கும்.

பிறகு நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். சில மணி நேரத்தில் ஒடுங்கிய பக்கம் ‘டொப்’ என்ற சிறு ஓசையோடு வெளியே தள்ளிக்கொண்டு பழைய வடிவத்துக்கு வரும். அது வாயு நிரம்பத் தொடங்கியதன் அடையாளம். அதன்பின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். பழுக்கத் தொடங்கிய மாங்காயைப் போல, அழுத்தினால் சிறிதே குழிந்து கையை எடுத்ததும் நிமிரும் நிலை வந்தவுடன் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். கல்லைப்போல் இறுகும்வரை விட்டால் எல்லை கடந்துவிட்டது என்று கொள்ளலாம். சித்திரை வெயிலில் அரை நாளே போதும். மழைக்காலத்தில் ஒரு நாள் ஆகலாம். இரவில் அடைத்துவிட்டு உறங்கப் போகாதீர்கள். காலையில் அடைத்தால் மாலைக்குள் கண்காணித்து முடித்துவிடலாம்.

கண்ணாடிக் குப்பியில் அடைத்தால் அழகாக இருக்குமே?

அழகாக இருக்கும் என்று எண்ணித்தான் நானும் இரண்டாம் ஆண்டு ஆறு பழச்சாற்றுக் குப்பிகளில் அடைத்துச் சமையலறை அலமாரியில் வைத்தேன். பங்குனி மாதம். பெட்டிக்கு மாற்ற வேண்டிய மாலையில் ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. மறுநாள் மதியம் திரும்பினோம். கதவைத் திறந்தபோதே இஞ்சி மணம் வாசல்வரை வந்தது. ஒரு குப்பி வெடித்து, அது பக்கத்திலிருந்த இரண்டையும் உடைத்திருந்தது. அலமாரிக் கதவின் பலகைக்குள் விரல்நீளக் கண்ணாடித் துண்டொன்று குத்தி நின்றது. என் தாயார் வழக்கமாக உட்கார்ந்து கீரை ஆயும் இடத்துக்கு நேர் எதிரே இருந்தது அந்தக் கதவு. மீதி மூன்று குப்பிகளையும் நனைத்த சாக்கால் போர்த்தி, கையில் தடித்த துணி சுற்றி, முற்றத்தில் கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். அன்றுமுதல் எங்கள் வீட்டில் கண்ணாடிக் குப்பி இதற்குப் பயன்படுத்துவதில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டரில் உள்ள 80 கிராம் சர்க்கரையும் புளித்தால் 40 கிராம் வாயு உண்டாகும். அது கடைச் சோடாவில் உள்ளதைப்போல் ஐந்து மடங்கு. எந்தக் குப்பியும் அதைத் தாங்காது. வாயுப் பானம் அடைத்து வந்த பிளாஸ்டிக் குப்பி தடிமனானது, அழுத்தத்தை விரலுக்குக் காட்டக்கூடியது, கிழிந்தாலும் துண்டாகத் தெறிக்காதது. தண்ணீர்க் குப்பி மெல்லியது, அது உதவாது. கோலிசோடாக் குப்பியில் அடைக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கோலி மேலேறி வாயை அடைப்பதற்கு நிரப்பும்போதே உள்ளே அழுத்தம் இருந்தாக வேண்டும். நம் பானத்தில் தொடக்கத்தில் அழுத்தம் இல்லாததால் அது மூடிக்கொள்ளாது.

ஆல்கஹாலை வீட்டில் அளந்து பார்க்க வழி உண்டா?

உண்டு. ஹைட்ரோமீட்டர் என்னும் அடர்த்திமானி ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். 0.001 அளவுக்குக் கோடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தூய நீரில் அது 1.000 காட்டும், நம் கலவையில் ஏறக்குறைய 1.031 காட்டும். சர்க்கரை புளிக்கப் புளிக்க எண் இறங்கும். மூன்று கோடு இறங்கினால், அதாவது 1.031 என்பது 1.028 ஆனால், ஏறக்குறைய 0.4 விழுக்காடு ஆல்கஹால் உண்டாகியிருக்கிறது. உறையோடு வந்ததையும் கூட்டினால் 0.5ஐத் தொட்டுவிடும். எனவே மூன்று கோடு எல்லை. இரண்டு கோட்டில் நிறுத்துவது என் வழக்கம்.

அளக்கும்போது இரண்டு தவறுகள் நேர்வதுண்டு. வாயு உள்ள பானத்தில் குமிழிகள் கருவியைத் தூக்கிவிடுவதால் எண் கூடுதலாகத் தெரியும். தம்ளருக்குத் தம்ளர் ஆற்றி வாயுவைப் போக்கிய பிறகே அளக்க வேண்டும். முதல் அளவும் இரண்டாம் அளவும் ஒரே வெப்பநிலையில் எடுக்கப்பட வேண்டும். குளிர்ந்த பானத்தை அப்படியே அளந்தால் கணக்குத் தவறும்.

கெட்டுவிட்டதா என்பதை எப்படி அறிவது?

உறையின் மேல் பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோல் பூஞ்சை படர்ந்தால் பரணியோடு கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். மேலே உள்ளதை மட்டும் எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம். வெண்மையான மெல்லிய ஏடு சுருக்கம் சுருக்கமாகப் படிந்தால் அது தீங்கற்ற ஒருவகை ஈஸ்ட். ஆனால் பானத்தின் மணத்தைக் கெடுக்கும் என்பதால் அதையும் நான் பயன்படுத்துவதில்லை. பானம் கொழகொழப்பாக இழுத்தாலோ அழுகல் வாடை வந்தாலோ குடிக்கக் கூடாது. எலுமிச்சைச் சாற்றைக் குறைக்காதீர்கள். சுவைக்கு மட்டுமன்றிப் பாதுகாப்புக்கும் அது வேண்டும். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4க்குக் கீழே இருக்குமானால் நோய்க்கிருமிகள் பெருகுவது கடினம்.

வீட்டில் புளிக்க வைப்பதில் விஷச்சாராயம்போல் ஆபத்து நேருமா?

இந்த அச்சம் இயல்பானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால். அது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான இரசாயனம். இஞ்சியும் சர்க்கரையும் ஒரு நாள் புளிப்பதில் தீங்கு செய்யும் அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை. நம் பானத்தில் உண்மையான ஆபத்து மேலே சொன்ன வெடிப்பும் அசுத்தமும்தான்.

யாரெல்லாம் இதைக் குடிக்கக் கூடாது?

குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு வருபவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. அவர்களில் சிலர் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பார்கள். அது உடம்பில் இருக்கும்போது சிறிதளவு ஆல்கஹால் போனாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். சிலருக்கு உயிராபத்தும் நேரலாம். மாத்திரை எடுக்காதவர்களுக்கும் பீர் என்ற பெயரும் நுரையும் பழைய ஆசையைக் கிளறிவிடக்கூடும். குடியால் ஒரு தலைமுறையையே இழந்த வீடுகள் நம் ஊர்களில் உண்டு. விருந்தில் தம்ளரை நீட்டுவதற்கு முன் இது புளிக்க வைத்த பானம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சமய நம்பிக்கையால் தவிர்ப்பவர்களுக்கும் அந்த உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் சோடாவில் கலந்த இஞ்சிப் பாகே போதும். சர்க்கரை நோயாளிகள், ஒரு தம்ளரில் மூன்று தேக்கரண்டிக்கும் அதிகமான சர்க்கரை இருக்கிறது என்பதை நினைவில் கொள்க.

கிராம்பு, ஏலக்காய், மட்டி வாழைப்பழம் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் கிராம்பில் கவனம் தேவை. மாறாமலைப் பக்கத்தில் விளையும் நம் கிராம்பு புவிசார் குறியீடு பெற்றது; எண்ணெய்ச் சத்து மிகுந்தது. அந்த எண்ணெயிலுள்ள யூஜெனால் ஈஸ்ட்டை ஒடுக்கும். லிட்டருக்கு இரண்டு கிராம்பைக் கொதிக்கும் பாகில் போட்டு இறக்கியவுடன் எடுத்துவிடுங்கள். உறைக்குள் ஒருபோதும் போடாதீர்கள். ஏலக்காய் இரண்டு தட்டிப் போட்டால் நன்றாக இருக்கும். மட்டிப்பழத்தின் மணம் அருமையானதுதான். ஆனால் கூழ் குப்பியில் சேர்ந்தால் நுரை பீறிட்டுப் பாதிப் பானம் வெளியே போய்விடுகிறது. அதைத் தனியே தின்பதே மேல்.

எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்? மின்சாரம் போனால் என்ன செய்வது?

நான்கு பாகைக் குளிரில் மூன்று நாள். குளிரில் ஈஸ்ட் உறங்குமே தவிரச் சாவதில்லை. மெதுவாகப் புளித்துக்கொண்டே இருக்கும். 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. அப்படி இல்லாவிட்டாலும் மழைக்காலத்தில் சில மணி நேரம் மின்தடை வருவது வழக்கம்தான். பெட்டி குளிர்ச்சி இழந்துவிட்டது என்று தெரிந்தால் மூடிகளைச் சற்றுத் தளர்த்தி வாயுவை வெளியேற்றிவிடுங்கள். மின்சாரம் அன்றைக்குள் திரும்பாவிட்டால் பானத்தைக் கொட்டிவிடுங்கள். வாயுவை வெளியேற்றிய பானத்தில் விரல் அளவுகோல் பயன்படாது. மீண்டும் இறுகுவதற்குள் ஆல்கஹால் கூடியிருக்கும்.

இதை விற்கலாமா?

வீட்டு முறையில் செய்ததை விற்கக் கூடாது. உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டும். ஒவ்வொரு தயாரிப்பிலும் ஆல்கஹாலின் அளவை ஆய்வகத்தில் மெய்ப்பிக்க வேண்டும். விரலால் அமுக்கிப் பார்த்து இவற்றைச் சாதிக்க முடியாது.

மீதமுள்ள உறையை என்ன செய்வது?

வாரம் ஒருமுறை செய்பவர்கள் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, முந்தின நாள் வெளியே எடுத்து, பாதியைக் கொட்டிவிட்டு, அதே அளவு நீரும் ஒரு தேக்கரண்டி சீனியும் சிறிது இஞ்சியும் சேர்த்து உயிர்ப்பிக்கலாம். கொட்டும் அந்தப் பாதியை நான் ஆப்ப மாவில் ஊற்றுகிறேன். என் பாட்டி காலத்தில் ஆப்பத்துக்குக் கள்தான் ஊற்றினார்கள்; பிறகு கடை ஈஸ்ட் வந்தது. அரைத்த மாவில் ஒரு குழிக்கரண்டி இஞ்சி உறையைச் சேர்த்து இரவு வைத்தால் காலையில் மாவு விளிம்புவரை பொங்கி நிற்கும். ஆப்பத்தின் நடுப்பகுதி நல்ல மெதுமெதுப்பாக வரும். சுட்டெடுக்கும்போது ஆவியில் மெல்லிய இஞ்சி மணம் இருக்கும். அதற்குத் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போதும்.